சுக்கானுக்காக அழாத நாள்கள்

சுக்கான் என்ற எங்கள் நாய், அப்பா ஏறிச் சென்ற தோணியின் பின்னே கடலில் நீந்திப் போய் மூழ்கி இறந்தது என்றொரு கதை நம் உறவினரிடையே உலவுகிறது. அண்மையில் ஒரு திருமண வீட்டில், பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வேளையில், நம்மில் ஒருவரே அதனைக் கண்ணால் கண்டவர்போல் சொல்லக் கேட்டேன். கேட்டவர்கள் உருகினார்கள். எனக்கும் ஒரு கணம், அப்படியே நடந்திருக்கலாகாதா என்று தோன்றியது. ஆனால் அப்படி நடக்கவில்லை. சுக்கான் ஒருநாளும் நீந்தியதில்லை. அலையின் நுரை காலில் பட்டாலே பின்வாங்கி, அவமானப்பட்டதுபோல் வேறு பக்கம் பார்க்கும் நாய் அது.

இன்னும் சில ஆண்டுகளில், அந்தத் துறைமுகத் தெருவில் என்னோடு ஓடியாடி இன்று முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நீங்களும் நானும் இல்லாமற்போனால், அந்தக் கதையே நிலைத்துவிடும். சுக்கானுக்கு நான் செய்யாமல் விட்டது ஒன்றுண்டு. அவன் சாவையாவது அது நடந்தபடியே எழுதிவைக்க விரும்புகிறேன். ஆகையால் நானே கண்டவற்றையும், அத்தை, எங்கள் மூட்டை ஏற்றும் வண்டிக்காரர், தோணித் தண்டலின் மனைவி ஆகிய மூவரையும் பிற்காலத்தில் தனித்தனியே கேட்டு, இருவர் சொல்லேனும் ஒத்திருந்தவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன். உறுதி செய்ய இயலாதவற்றை விலக்கியிருக்கிறேன். விலக்க மனம் வராதவற்றை, உறுதியற்றவை என்று சொல்லியே வைத்திருக்கிறேன்.

நாயை 'அது' என்று எழுதுவதே முறை. ஆயினும் எங்கள் வீட்டில் சுக்கானை ஒருவரும் அவ்வாறு சொன்னதில்லை. உவப்பினால் வரும் இவ்வழுவை நம் முன்னோர் பொறுத்திருக்கிறார்கள், நீங்களும் பொறுப்பீர்கள்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் குண்டு விழுந்ததற்கு அடுத்த ஆண்டு என்று அத்தை உறுதியாகச் சொல்வார். எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது. அம்மா பேறுகாலத்திற்காக ஏரலில் தம் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பாவும், அவருக்கு மூத்தவரும் இளமையிலேயே கணவரை இழந்து எங்களோடு வாழ்ந்தவருமான அத்தையும், நானும், சுக்கானும் இருந்தோம்.

வீட்டின் முன்பகுதி முழுவதும் கிட்டங்கி. சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் மூட்டைகளாகவும், கருப்பட்டி ஓலைச் சிப்பங்களாகவும் கூரை தொட அடுக்கியிருக்கும். அவையெல்லாம் தோணி ஏறிக் கொழும்புக்குப் போகும். முற்பகலில் வீடெங்கும் கருப்பட்டி மணக்கும். வெயில் ஏறினால் மிளகாய் நெடி மூக்கில் ஏறும். காற்றுத் திரும்பினாலோ, குளித்தெடுத்த சங்குகளைச் சதை அழுகிக் கழியும்வரை குவித்து வைத்திருந்த கொட்டடியின் நாற்றம் வந்து சேரும். அது வந்ததும் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். சுக்கான் மட்டும் முகத்தை உயர்த்தி, கண்களைப் பாதி மூடி, ஏதோ இனிய சேதி கேட்பவன்போல் அந்தக் காற்றை நெடுநேரம் முகர்ந்துகொண்டிருப்பான்.

செவலை நிறம். வால் நேராக நில்லாமல் இடப்பக்கம் வளைந்திருக்கும். தோணியைத் திருப்பும் சுக்கானைப்போல் இருக்கிறது என்று அப்பா இட்ட பெயர் அது. வெங்காய மூட்டைகளின்மேல் உறங்குவதால் அவன் உடம்பில் வெங்காயச் சருகும் சாக்கு நூலும் எப்போதும் ஒட்டியிருக்கும். காதுகள் ஆத்தூர்க் கொழுந்து வெற்றிலைபோல் மெல்லியவை. வெயிலுக்கு எதிரே அவன் நிற்கும்போது அக்காதுகளினூடே ஒளி சிவந்து தெரியும், நரம்புகளைக்கூட எண்ணலாம். இன்றும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தச் சிவப்புத்தான். முகம் பிறகே வருகிறது.

அப்பா மிகக் குறைவாகப் பேசுபவர். கொழும்புக் கடையின் முகவரிடமும், மூட்டை தூக்குபவரிடமும், என்னிடமும் அளந்தாற்போல் சொற்களே. அந்த அளவு சுக்கானிடம் மட்டும் இல்லை. கிட்டங்கிக் கதவைச் சாத்திய பின், மூட்டையொன்றில் சாய்ந்துகொண்டு, "ஏலே சுக்கான், மழையில நனைஞ்ச சரக்க என் தலையில கட்டிட்டான் பாத்தியாலே? நீயாவது மோந்து பாத்துச் சொல்லியிருக்கப்படாதா? திங்குத சோத்துக்கு வேல பாக்க வேண்டாமாலே?" என்று தொடங்குவார். சுக்கான் இடையிடையே கொட்டாவி விடுவான். "ஆமா, கொட்டாவி விடு. ஒன் சரக்கா?" என்பார் அப்பா. கதவிடுக்கு வழியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அப்பாவைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி அவர் நாயிடம் சொன்னது.

எங்கள் குடும்பம் பனங்காட்டிலிருந்து துறைமுகத்திற்கு வந்து ஒரு தலைமுறையே ஆகியிருந்தது. எங்களவர் பனையை அறிந்தவர்கள், கடலை அறியாதவர்கள். ஆண்டுக்கொரு முறை அப்பா கொழும்புக்குக் கப்பலில் போய்வருவார். அவ்வாண்டு போரினால் கப்பல்கள் ஒழுங்காக ஓடவில்லை. சரக்கோடு சரக்காகத் தோணியிலேயே போவதென்று அவர் முடிவு செய்ததும் அத்தைக்கு உறக்கம் போயிற்று. கடற்கரைத் தெருவில் தண்ணீர் எடுக்கும் இடத்திலும் மீன் வாங்கும் இடத்திலும், கடலோடிகளின் வீட்டுப் பெண்கள் என்னென்ன செய்வார்கள், என்னென்ன செய்யமாட்டார்கள் என்று விசாரித்து வந்தார். அரையும் குறையுமாகக் கேட்டதை ஒன்றுக்கு இரண்டாகப் பெருக்கிக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது. தோணி திரும்பும்வரை எங்கள் வீட்டில் பானை, சட்டி, தம்ளர் எதையும் கவிழ்த்து வைக்கக்கூடாது. 'முங்கு' என்ற சொல்லைக் குளிப்பதற்குக்கூடச் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் கண்ணீர் விழக்கூடாது.

மாசி மாதத்தில் ஒரு விடியற்பொழுது தோணி புறப்பட்டது. தோணியின் தலைவரைத் தண்டல் என்பது துறைமுக வழக்கு. எங்கள் தண்டல் பருத்த உடலும் கழுத்தில் சிறிய குருசும் உடையவர். கரையோரம் அலைக்கு எட்டாமல் நின்ற சுக்கானைப் பார்த்து அவர், "என்னலே, நீ வரலியா? சுக்கான் இல்லாம நான் எப்பிடித் தோணிய ஓட்டுதது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு குனிந்து சுக்கானின் தாடையைப் பிடித்து, "வீட்டப் பாத்துக்கோலே" என்றார். என்னிடம் தலையசைத்தார், அவ்வளவுதான். பாய் விரிந்தது. இளவெயிலில் அது முதலில் மஞ்சளாகவும், பின்பு வெள்ளையாகவும், பின்பு கடலின் நிறமாகவுமே மாறி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமற்போயிற்று. அத்தை இமைக்காமல் நின்றார். இமைத்தால் நீர் உருண்டுவிடும் என்பதால்தான் என்பதை அப்போது நான் அறியேன்.

மறுநாள் நண்பகலில் சுக்கான் மீன்கரைப் பக்கமிருந்து வந்தான். கால்கள் பின்ன, குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். கொல்லையில் பூவரசின் அடியில் அவனுடைய தண்ணீர்ச் சட்டி இருந்தது. அதுவரை வந்து படுத்துவிட்டான். வாயில் நுரை இருந்தது. நான் உட்கார்ந்து அவன் தலையை மடியில் ஏந்தினேன். நீரை உள்ளங்கையில் எடுத்துக் கொடுத்தேன், நக்க முயன்றான், நீர் என் பாவாடையில் வழிந்தது. பூவரசம்பூ ஒன்று அவன் வயிற்றின்மேல் விழுந்து, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "சுக்கான்" என்றேன். அந்த வளைந்த வால் மண்ணில் மெல்ல அசைந்தது. இதில் ஐயமில்லை, கண்டேன். ஆலைச் சங்கு ஊதியபோது நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். மீண்டும் குனிந்தபோது பூ அசையவில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அத்தையின் கை வந்து பொத்தியது. காயமும் கடுகும் மணத்த கை.

"மூச்சு! அழப்படாது. அப்பா தண்ணிக்கு மேல இருக்காவ."

"சுக்கான் அத்தே..."

"தெரியுதுளா. எனக்கு மட்டும் தெரியலியா? இங்கன ஒரு சொட்டு வுழுந்தா அங்கன தோணிக்குள்ள ஒரு குடம் தண்ணி ஏறும். தோணி வரட்டும். வந்த பொறவு நீயும் நானும் சேந்து உக்காந்து அழுவோம். அதுவரைக்கும் கண்ணு நனையப்படாது. நனைப்பியா?"

நனைக்க மாட்டேன் என்று தலையசைத்தேன். அவர் கையை எடுத்தார். என் குரல் உள்ளேயே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. அத்தை கொடுமைக்காரர் அல்லர். பிள்ளையின் வாயை அடக்க ஒரு சொல் சொன்னதாகவே அவர் எண்ணியிருந்தார். அந்த ஒரு சொல்லால் அப்பாவின் உயிரைத் தூக்கி என் இரண்டு இமைகளின்மேல் வைத்துவிட்டதை அவர் கடைசிவரை உணரவில்லை.

வண்டிக்காரர் சாக்கொன்றில் சுக்கானைச் சுற்றி எடுத்துப்போனார். திரும்பி வந்ததும், "உப்பளத்து ஓரத்துல, உடமரத்து நெழல்ல, ராசா மாதிரி படுக்க வச்சிருக்கேன் தாயி" என்றார். அத்தையிடம் அவர் வேறோர் இடத்தைச் சொன்னதாகப் பின்னர் அறிந்தேன். முதுமையில் நான் கேட்டபோது மூன்றாவதாக ஓரிடத்தைச் சொன்னார்.

அழாமல் இருப்பது எப்படி என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டால் கண்ணிலிருந்து வராது என்று எப்படியோ எனக்குத் தோன்றியது. கன்னங்கள் உப்ப, பேசாமல், கொல்லைக்கும் கிட்டங்கிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். கிட்டங்கியில் சுக்கான் படுக்கும் மூட்டையில் அவன் உடலின் அளவுக்கு ஒரு குழி இருந்தது. அதில் கன்னத்தை வைத்தால் வெங்காயச் சருகு குத்தும். சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். பகலெல்லாம் கூரை வெயிலில் காய்ந்த மூட்டை ஆதலால், சூடு இருக்கத்தான் செய்தது. பூவரசின் அடியிலிருந்த சட்டியைக் கவிழ்க்கக் கூடாதென்பதால் அது நிமிர்ந்தபடியே கிடந்தது. காகங்கள் வந்து குடித்தன. பூக்கள் விழுந்து மஞ்சளாய் மிதந்து, சிவந்து, அழுகின. அச்சட்டி பின்னர் என்னவாயிற்று என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் ஒருநாள். கன்னங்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு ஓடினேன்.

"அத்தே! நீங்க அழுவுதீங்க!"

"வெங்காயம்ளா."

"வெங்காயக் கண்ணீருக்கும் தோணிக்குள்ள தண்ணி ஏறுமா?"

"ஏறாது. அது சேத்தி இல்ல."

"அப்பம் நானும் உரிக்கட்டா?"

அத்தை முறத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேண்டாம். ஒனக்கு எது வெங்காயம், எது அழுகைன்னு பிரிக்கத் தெரியாது. போயி வெளையாடு" என்றார்.

அந்த நாள்களில் எங்கள் வீட்டில் நாள்தோறும் வெங்காயக் குழம்பு. ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் உண்ணும் வீட்டில் முறம் நிறைய வெங்காயம் எதற்கு என்று வண்டிக்காரர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அத்தை, "அழுவிப் போவுதுல்லா" என்றார். மூட்டையில் ஒன்றும் அழுகவில்லை. தம் தம்பிக்காகவும், ஒருவேளை சுக்கானுக்காகவும், விதியை மீறாமல் அழ அவர் ஒரு வழி கண்டிருந்தார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. அவ்வழியில் என்னையும் சேர்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

நான் அழாததை மற்றவர்கள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். "பிள்ளைகளுக்கு என்ன, நாலு நாளுல மறந்துரும்" என்றார் வண்டிக்காரர். மறந்துவிட்டேன் என்று உறுதியாக நம்பியே அவர் ஒரு முற்பகலில் ஓலைப்பெட்டியில் கறுப்புக் குட்டியொன்றைக் கொண்டுவந்தார். பெட்டியின் விளிம்பைப் பற்றி எழுந்து நின்று அது என்னைப் பார்த்தது. அடிவயிறு இளஞ்சிவப்பு. தொட்டால் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தொட்டால் நான் உடைந்துவிடுவேன் என்பதும் தெரியும். கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டேன்.

"எடு தாயி. ஒனக்குத்தான். கடிக்காது."

"வேண்டாம்."

"ஏன், நெறம் புடிக்கலியா? கறுப்புன்னா என்ன, வெள்ளாவி வச்சு வெளுத்துத் தாரேன்."

"வேண்டாம். கொண்டு போங்க."

"நல்ல பிள்ள போங்க!" என்று அவர் அத்தையிடம் திரும்பினார். "செத்தது செத்துச்சேன்னு ஒரு சொட்டு விடல. வந்ததுகிட்டயும் ஒரு சிரிப்பு இல்ல. கல்லு நெஞ்சு." அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். குட்டியை வண்டிக்காரர் தண்டல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

பிற்பகல்களில் நான் உப்பளப் பக்கம் போவேன். உடைமரத்தடியில் சுக்கான் இருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டிருந்ததல்லவா! உடைமரங்கள் அங்கே ஏராளம், எதுவென்று தெரியாது. பாத்திகளில் நீர் வானத்தைப் போட்டுக்கொண்டு கிடக்கும். வரப்புகளில் உப்புக் குவியல்கள் ஓலை போர்த்து வரிசையாய் நிற்கும். வெயிலில் எல்லாம் தரையைவிட்டு ஒரு சாண் மேலெழுந்து மிதக்கும். குவியலும் மிதக்கும், உப்பு வாரும் பெண்களும் மிதப்பார்கள். அவ்வெண்மைக்குள் செவலை நிறமாக ஒன்று, இடப்பக்கம் சாய்ந்த வாலோடு, அவசரமில்லாமல் நடந்து போவதைப் பார்த்தேன். ஒரு முறையன்று, பல முறை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குரல் உடையும். அது சுக்கான் என்று நான் சொல்லவில்லை. அது கானல் என்றும், அங்கே வேறு செவலை நாய்கள் இருந்தன என்றும் எனக்குத் தெரியும். பார்த்தேன் என்பது மட்டும் உறுதி. பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது கால்கள் வெண்மையாகவும் மனம் ஒருவாறு அமைதியாகவும் இருக்கும்.

பங்குனி பிறந்தது. காற்று மாறியது. கொழும்புக்குப் போன மற்றத் தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எங்கள் தோணி வரவில்லை. அங்கிருந்து எங்கள் தோணி எப்போதோ புறப்பட்டுவிட்டது என்று திரும்பியவர்கள் சொன்னார்கள். கடலில் நீர்மூழ்கிகள் திரிவதாகப் பேச்சு. அத்தை உணவைக் குறைத்தார். வெங்காயத்தைக் கூட்டினார்.

அந்நாள்களில் ஒரு நண்பகல், கிட்டங்கியின் தரையில் உறங்கி எழுந்தேன். என் கன்னம் நனைந்திருந்தது.

உறக்கத்தில் அழுதுவிட்டேனோ? விரலால் தொட்டு நாவில் வைத்தேன். உப்பு. கையை நக்கினேன், அதுவும் உப்பு. அந்த ஊரில் வியர்வையும் உப்பு, சுவரும் உப்பு, காற்றும் உப்பு. எனக்கு எதுவும் விளங்கவில்லை. எத்தனை சொட்டு விழுந்ததோ, அத்தனை குடம் நீர் தோணியில் ஏறியிருக்கும். நான் தெருவில் இறங்கி ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்ற எண்ணமில்லை. கால்கள் கடற்பக்கம் போயின.

தண்டலின் வீட்டு வாசற்படியில் அவர் மனைவி உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். கையில் இருந்த லேஞ்சித் துணியால் முகத்தைத் துடைப்பதும் மீண்டும் அழுவதுமாக இருந்தார். நான் போய் அவர் இரு கைகளையும் பற்றிக்கொண்டேன்.

"அழாதீங்க! அழாதீங்க! தோணி முங்கிரும்!"

சொல்லக்கூடாத சொல்லையே சொல்லிவிட்டேன். அவர் திகைத்து நிமிர்ந்தார்.

"யாருளா நீ? வெங்காயக் கிட்டங்கி மொதலாளி மவளா? என்னளா சொல்லுத?"

எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டில் ஒரு சொட்டு விழுந்தால் தோணியில் ஒரு குடம் ஏறும் என்பதையும், சுக்கான் செத்ததையும், நான் அழாததையும், கன்னத்தில் நனைந்திருந்ததையும் முன்பின்னாகச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, அழுதுகொண்டிருந்த அந்த முகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"அட மாதாவே! யாருளா ஒனக்கு இதச் சொன்னது?"

"அத்த."

"ஒங்க அத்த பனங்காட்டுப் பிள்ள. அவங்களுக்கு என்ன தெரியும்? அது பாய் கண்ணுக்கு மறையுத வரைக்கும்தாம்ளா. கரையில நிக்கவ அழுதா, ஏறிப் போறவனுக்கு மனசு பின்னால இழுக்கும், கை ஓடாது. அதுக்காவச் சொல்லுதது. பாய் மறைஞ்ச பொறவு என்ன? அழலாம், பெரளலாம், கோயில்ல போயி மாதாகிட்ட சண்டகூடப் போடலாம். நான் தெனமும் அழுவுதேன். கல்யாணம் ஆன நாளுலருந்து அழுவுதேன். என் வீட்டுக்காரரு அந்தத் தண்ணியிலதான் தோணி ஓட்டுதாரு!"

கறுப்புக் குட்டி உள்ளேயிருந்து வந்து என் காலை நக்கியது. அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அழு. இங்கன இருந்து அழு. நானும் அழுவுதேன், ரெண்டு பேருமா அழுவோம்" என்றார்.

நான் உட்கார்ந்திருந்தேன். குட்டியின் நாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அழவில்லை. அத்தை சொன்னது தவறாயிருந்தால் கெடுவது ஒன்றுமில்லை. நான் இன்னும் சில நாள் அழாமல் இருப்பேன், அவ்வளவே. இவர் சொன்னது தவறாயிருந்தால் அப்பா வரமாட்டார். எட்டு வயதில் அந்த அளவுக்கு எண்ணிப்பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே இமைகளை அகலத் திறந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அழுதார்.

பங்குனி முடிவதற்குள் ஒரு முற்பகலில் வண்டிக்காரர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "தாயி! தோணி தெரியுது! பாய் பாதி கிழிஞ்சிருக்கு; ஆனா நம்ம பாய்தான்!" அத்தை உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தோடு எழுந்தார். முறம் சரிந்தது. அவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டி கடற்கரைக்குப் பறந்தது.

தோணி பறவைக்கூடு மிதப்பதுபோல் மெல்ல வந்தது. தண்டலின் மனைவி இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, கணவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். "வந்துட்டீரோ? வழி தெரிஞ்சுதோ? அங்கனயே கெடக்க வேண்டியதுதானே!" அப்பா இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. சட்டையிலும் புருவத்திலும் உப்புப் பூத்திருந்தது. கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. கரையேறியதும் அவர் பார்த்தது என் முகத்தையன்று. என் காலடியைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னே, வண்டியின் அடியில் பார்த்தார்.

"அவன் எங்களா?"

அத்தை முந்திக்கொண்டார். "மொதல்ல வீட்டுக்கு வா தம்பி. கஞ்சி குடிச்சிட்டு, குளிச்சிட்டு..."

"அவன் எங்கன்னு கேட்டேன்."

"செத்துட்டாம்ப்பா" என்றேன். "நீங்க போன மறுநாளு."

அப்பா அங்கே சுருட்டி வைத்திருந்த வடத்தின்மேல் உட்கார்ந்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. பெரிய ஆண்கள் அப்படி அழுவார்கள் என்று நான் அறிந்ததில்லை. மூட்டை தூக்குபவர்கள், மீன்காரப் பெண்கள், தோணிக்காரர்கள் எல்லோர் முன்னும், முகத்தை மறைக்காமல், தொடைகளில் கைகளை ஊன்றிக்கொண்டு அழுதார். தண்டலின் மனைவி ஏசுவதை நிறுத்திவிட்டார். தண்டல் கடற்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, எல்லாரும் பாக்காவ..." என்று தொடங்கிய அத்தையின் குரல் முடிவதற்குள் உடைந்தது. கையில் வெங்காயம் ஏதுமில்லாமல் அவரும் அழுதார். பின்பு நினைவு வந்தவராய் என்னைப் பற்றி இழுத்து, "தோணி வந்துட்டுளா. இனி அழலாம். அழு பிள்ள, அழு" என்றார்.

எனக்கு வரவில்லை. வாயை அகலத் திறந்து பார்த்தேன். அத்தையைப்போல் முகத்தைச் சுளித்துப் பார்த்தேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்ட குரலுக்கு வெளியே வரும் வழி மறந்துபோயிருந்தது. நான் அப்பாவின் அருகில் போய் அவர் தலையில் கை வைத்தேன். மயிர் விறைத்து, மணல் நெருநெருத்தது. அதற்குமுன் அவர் தலையை நான் தொட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியில் அவர் என்னைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, "சொல்லு" என்றார். சொன்னேன். மீன்கரையிலிருந்து அவன் வந்த நடையை, நுரையை, கையில் கொடுத்த நீரை, வயிற்றில் விழுந்த பூவை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கம் தலை வைத்திருந்தான்? கண் திறந்திருந்ததா? "ரொம்பக் கஷ்டப்பட்டானாளா?" என்றார். "தெரியலப்பா. பேரச் சொன்னேன், வால ஆட்டுனான்" என்றேன். அவர் தலையசைத்தார். இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அப்பா என்னோடு அவ்வளவு பேசியது அதுவே முதல். சொல்லி முடித்தபோது வண்டி எங்கள் வாசலில் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதென்று தெரியாது. வண்டிக்காரர் எங்களை இறங்கச் சொல்லவில்லை. அன்று மாலை உப்பளப் பக்கம் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா அதற்குப்பின் தோணி ஏறவில்லை. நாய் வளர்க்கவுமில்லை. கிட்டங்கிக் கதவைச் சாத்திய பின் சில மாலைகளில் என்னைக் கூப்பிட்டு, வெங்காய விலையைப் பற்றிச் சொல்வார். நான் கொட்டாவி விடாமல் கேட்பேன்.

இனி, தெரியாதவை. சுக்கான் எதனால் இறந்தான் என்பது தெரியாது. கரையில் வலைக்காரர் வீசியெறியும் பேத்தை மீனைத் தின்றிருப்பான், அது நஞ்சு என்றார் வண்டிக்காரர். பாம்பு என்றார் அத்தை. அவன் எங்கே புதைக்கப்பட்டான் என்பதும் தெரியாது. கொழும்பைவிட்டுப் புறப்பட்ட தோணி அத்தனை நாள் எங்கே இருந்தது, பாய் எப்படிக் கிழிந்தது என்று அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. தண்டலிடம் அவர் மனைவியே கேட்டிருக்கிறார். "வந்தாச்சுல்லா, பொறவு என்ன?" என்பதற்கு மேல் அவர் பேசவில்லையாம். அன்று கடற்கரையில் அப்பா அழுதது சுக்கானுக்காகவா, கடலில் தாம் கண்டதற்காகவா என்று கேட்கும் துணிவு எனக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அது எனக்குத் தெரியாது.